ஆறு அங்குலக் கண்ணாடிக்கு எந்தக் குழாய்?

கேள்வி கேட்ட தம்பி வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருக்கிறார். சொந்தமாகத் தொலைநோக்கி ஒன்று செய்ய, 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள குழிவாடி ஒன்றை, அதாவது ஒளியைக் குவிக்கும் பிரதான கண்ணாடியை, வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துவிட்டார். குவிந்துவரும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் தளவாடியும், கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டைப் பிடித்து முன்பின் நகர்த்தும் ஃபோக்கசரும் கையில் இருக்கின்றன. குழாய்தான் பாக்கி. பிவிசி பைப்பா, அலுமினியமா, மட்டைக் குழாயா என்று கேட்கிறார். வீடியோக்களில் எல்லாரும் கொங்கிறீட் தூண் வார்க்கும் மட்டைக் குழாயைத்தான் சொல்கிறார்களாம், கொழும்பில் அது எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறார்.

கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்பது என் பதில். நீங்கள் கேட்ட மூன்றும் வேண்டாம். 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில், அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையில், ஒரு சதுரப் பெட்டி அடியுங்கள். நான் இதுவரை மூன்று தொலைநோக்கி செய்திருக்கிறேன். ஒன்று பிவிசி, ஒன்று தகரம், ஒன்று பலகை. முதல் இரண்டும் இப்போது பாவனையில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், அதற்குப் பிறகும் உங்களுக்குப் பைப்தான் பிடிக்கிறது என்றால் சரி, உங்கள் விருப்பம்.

குழாய்க்கு உள்ள வேலை கொஞ்சம்தான். குழிவாடியும் தளவாடியும் ஃபோக்கசரும் ஒன்றுக்கொன்று அசையாமல் பிடித்திருக்க வேண்டும். காலி வீதி விளக்கு வெளிச்சம் பார்வைத்துண்டுக்குள் வராமல் மறிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றைக் குழப்பக் கூடாது. இவற்றில் முதலாவதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. அடிவானத்தில் சனியைப் பார்க்கும்போது சரியாக இருந்த ஆடிகளின் நேர்ப்படுத்தல், குழாயை உச்சிக்குத் தூக்கியதும் மாறிவிட்டால் அந்தக் குழாய் வளைகிறது என்று அர்த்தம். கொழும்பு 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் வியாழனும் செவ்வாயும் சில வருடங்களில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகும். உங்கள் குழாய் பாதி நேரம் நட்டமாக நிற்கப்போகிறது. ஆகவே எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன், அது எவ்வளவு விறைப்பு என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் அளவு. 150 மி.மீ. கண்ணாடிக்கு 160 மி.மீ. பைப் போதும் என்று ஹாட்வெயார் கடையில் சொல்வார்கள். போதாது. பார்வைப் புலம் ஒரு பாகை வேண்டும் என்று வையுங்கள், அதாவது சந்திரனைப் போல இரண்டு மடங்கு அகலம். 1200 மி.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது 21 மி.மீ. ஆகவே குழாயின் வாயில் 150-உம் 21-உம் சேர்ந்து 171 மி.மீ. திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புலத்தின் ஓரம் மங்கும். சுவரை ஒட்டி ஓடும் சூட்டுக் காற்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டால் உள்ளகலம் 185 முதல் 200 மி.மீ. வரை. அதற்கு மேல் போகவும் தேவையில்லை. குழாய் அகன்றால் ஃபோக்கசர் தள்ளிப்போகும், தளவாடியும் பெரிதாக வேண்டிவரும். உங்களுடையது போன்ற எஃப் 8 கண்ணாடியில், அதாவது குவியத்தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கான கண்ணாடியில், ஒவ்வொரு 8 மி.மீ. தள்ளலுக்கும் தளவாடி 1 மி.மீ. வளரும். 190 உள்ளகலத்துக்கு 35 மி.மீ. தளவாடி தாராளம்.

இனி பிவிசி கதை. பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கினால் எல்லா அளவிலும் பைப் இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய இடைப்பட்ட அளவு இலேசில் அகப்படாது. 160 ஒடுக்கம், அதற்கடுத்து வழமையாகக் கிடைப்பது 225. 225 மி.மீ. பைப்பில் 5 மி.மீ. சுவர் இருந்தால் மீற்றருக்கு ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும். 1.3 மீற்றர் வெட்டினால் ஆறு கிலோவுக்கு மேல், கண்ணாடி வைக்காமலே. அதைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கி பழுதான நாளில் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள்.

என் முதல் தொலைநோக்கி 114 மி.மீ. கண்ணாடிதான், அதற்கு 160 பைப் அளவாகப் பொருந்தியது. வெளியே பளபளவென்று கறுப்பு அடித்தேன். கடையில் வாங்கியது போல இருக்க வேண்டுமாம், அது அந்த வயதுப் புத்தி. பெயின்ட் காயட்டும் என்று கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அதன்மேல் கிடத்திவிட்டு வேலைக்குப் போனேன். சித்திரை மாத வெயில். ஏப்ரல் முதல் வாரம் தாண்டும்போது கொழும்பில் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், உங்களுக்குத் தெரியும். பின்னேரம் வந்து பார்த்தால் பைப் நடுவில் தொய்ந்து வாழைக்காய் போலக் கிடந்தது. பிவிசி 75, 80 பாகையில்தான் இளகும் என்பார்கள், ஆனால் கறுப்பு அடித்த பைப் சூடேறிய கொங்கிறீட்டின் மேல் பல மணித்தியாலம் தன் பாரத்திலேயே கிடந்தால் அந்த அளவு சூடு தேவையில்லை. திருப்பிப் போட்டு மறுநாள் வெயிலில் நிமிர்த்தப் பார்த்தேன். நிமிர்ந்தது, ஆனால் இன்னொரு பக்கம் கோணிக்கொண்டு.

இந்த இடத்தில் ஒரு பயத்தை நீக்கிவிடுகிறேன். பிவிசி சூட்டில் நீளும், அதனால் குவியம் மாறும் என்று எழுதுவார்கள். ஏ.எல். பௌதிகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிவிசியின் விரிகைத்திறன் பாகைக்கு ஏறத்தாழ மில்லியனில் 60 பங்கு, அலுமினியம் 23, இரும்பு 12. கொழும்பில் பகல் 31, இரவு 25, வித்தியாசம் ஆறு பாகை. 1200 மி.மீ. பிவிசி அரை மில்லிமீற்றர்கூடச் சுருங்காது, அலுமினியம் அதில் பாதிக்கும் குறைவு. ஃபோக்கசரை ஒருமுறை விரலால் தொட்டால் தீர்ந்தது. கனடாவில் எழுதுகிறவருக்கு அது பெரிய விஷயம், நமக்கு இல்லை. நமக்குள்ள சங்கடம் வளைவும் ஈரமும்.

தகரத்துக்கு வருவோம். அலுமினியமோ நாகமுலாம் பூசிய தகரமோ, பாரத்தில் இதை அடிக்க ஆளில்லை. 200 மி.மீ. விட்டம், 1.3 மீற்றர் நீளம் என்றால் 1 மி.மீ. அலுமினியத்தில் இரண்டே கால் கிலோ, அரை மி.மீ. தகரத்தில் மூன்றே கால் கிலோ அளவில் வரும். ஆயத்தக் குழாய் தேடி அலையத் தேவையில்லை, கூரைப் பீலி அடிக்கும் பட்டறையில் சொன்னால் உருட்டித் தருவார்கள். நான் போனது கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பட்டறை. அளவு எழுதிய துண்டைப் பார்த்துவிட்டு அந்த நானா கேட்டார்.

"என்ன மகன், புகைபோக்கியா?"

"இல்லை நானா, சந்திரன் பார்க்க."

அவர் துண்டை இன்னொருமுறை வாசித்தார். "அப்ப விளிம்பு சும்மா விட்டா சப்பையாகுமே. வாளிக்கு மாதிரி கம்பி வைக்கவா?"

அந்த ஒரு கேள்வி எனக்கு எந்த வரைபடத்திலும் கிடைக்காத அறிவு. மெல்லிய தகரக் குழாய் நீளவாக்கில் வளையாது, வாயில்தான் சப்பையாகும். கைபிடித்துத் தூக்கும் இடம், ஃபோக்கசர் பூட்டும் இடம் இரண்டும் வாய்க்குப் பக்கத்தில்தான். அவர் இரண்டு முனையிலும் கம்பியை உள்ளே வைத்துத் தகரத்தை அதன்மேல் மடக்கி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்றிவந்தார். பத்து நிமிட வேலை. அப்புறம் குழாயை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தேன், அசையவில்லை. ஃபோக்கசருக்கு நேர் உட்புறம் ஒரு பலகைத் துண்டு வைத்துத் திருகவேண்டும் என்பதைப் பின்னால் நானே படித்தேன். வெறும் தகரத்தில் திருகினால் பார்வைத்துண்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் படம் துள்ளும்.

அதையும் ஏன் விட்டேன் என்றால் கடல். அப்போது நான் தெகிவளையில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். திருகாணித் துளை போட்ட இடமெல்லாம் ஒன்றரை வருடத்தில் துரு. அலுமினியத்தில் செய்திருந்தால் துரு வராது, ஆனால் ஸ்டீல் திருகாணி தொடும் இடத்தில் உப்புக் காற்றில் வெள்ளை மா பூக்கும். நைலோன் வாஷர் போட்டால் குறையும், நிற்காது. இன்னொன்று, தகரம் சீக்கிரம் குளிரும். வானத்தைப் பார்த்து நிற்கும் தகரம் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோய், கொழும்பு ஈரத்தில் முதுகெல்லாம் வேர்த்து ஒழுகும். உட்சுவரில் குளிர்ந்த காற்று வழிந்து ஒளிப்பாதையில் கலந்து படத்தை நெளியவைக்கும். உள்ளே கோர்க் தாளோ மட்டையோ ஒட்டினால் இது அடங்கும். வெள்ளவத்தையில் உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட என்று எனக்குத் தெரியாது, ஆனால் எந்த வீடும் தூரமில்லை.

மட்டைக் குழாயைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதைப் பிரபலமாக்கியவர் ஜோன் டொப்சன், 1915-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தார். கையில் காசில்லாத துறவி, கழிவுக் கண்ணாடியைத் தேய்த்துக் குழிவாடியாக்கி, கட்டட வேலை மட்டைக் குழாயில் பூட்டித் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சந்திரனைக் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற வேண்டிவந்தது, அடுத்த வருடமே நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கிவிட்டார். உங்கள் வெள்ளவத்தை ராமகிருஷ்ண மிஷனைக் கடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் டொப்சோனியன் தாங்கி, அதாவது குழாயை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கி, அந்தப் பரம்பரைத் துறவி ஒருவர் செய்தது. மட்டை நல்ல பொருள்தான். மலிவு, விறைப்பு, சூட்டைக் கடத்தாது, உள்ளே காற்று அமைதியாக இருக்கும். ஆனால் மழை குறைந்த கலிபோர்னியாவின் பொருள் அது. இங்கே வைகாசி மழையில் வார்னிஷ் அடித்த மட்டையும் வெட்டு முனையால் ஈரம் குடித்து அடுக்கடுக்காகப் பிரியும். புறக்கோட்டையில் துணி சுற்றிவரும் மட்டைக் குழாய்கள் சும்மாவே கிடைக்கும், அவை உங்கள் கண்ணாடிக்கு ஒடுக்கம். வானத்தில் இலக்கைத் தேடிப் பிடிக்கும் சின்னத் தேடுகுழாய்க்கோ சின்ன வில்லைத் தொலைநோக்கிக்கோ எடுக்கலாம்.

பைபர் கிளாஸ் என்று இன்னொன்று உண்டு. மீன்பிடிப் படகு செய்கிறவர்களிடம் ரெசினும் பாயும் இருக்கும். சரியான அளவு உருளை மேல் பொலித்தீன் சுற்றி, இரண்டு மூன்று அடுக்கு போட்டால் ஈரத்துக்கும் உப்புக்கும் அசையாத குழாய் வரும். ரெசின் காயும்போது சுருங்கி உருளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகும். அடுக்குமாடியில் அந்த நாற்றத்தோடு செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கக் கதைக்க மாட்டார். கார்பன் பைபர் பற்றிக் கேட்காதீர்கள், கண்ணால் பார்ப்பதற்கு அது வீண் செலவு. குழாய்க்குப் பதிலாகத் திறந்த கம்பிச் சட்டம் என்பதைக் கண்ணாடி பத்து அங்குலத்துக்கு மேல் போனால் யோசிக்கலாம். ஆறு அங்குலத்தில் அது வெளிச்சத்தையும் பனியையும் உள்ளே அழைப்பதுதான்.

சரி, பலகை. குழாய் என்றால் உருண்டையாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வில்லியம் ஹேர்ஷல் 1781-இல் யுரேனசைக் கண்ட ஏழு அடித் தொலைநோக்கியின் கூடு எண்கோண மரக் கூடு, கண்ணாடியும் உங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சதுரத்தில் எனக்குப் பிடித்தது நான்கு மூலைகள். ஒளி வட்டமாக வருகிறது, மூலைகள் சும்மா கிடக்கின்றன, கண்ணாடியிலிருந்து எழும் சூட்டுக் காற்று அந்த மூலைகளால் ஏறிப் போய்விடும். ஃபோக்கசர் தட்டையான பக்கத்தில் ஆடாமல் உட்காரும். டொப்சோனியன் தாங்கிக்கு வேண்டிய இரண்டு வட்டங்களையும் பக்கப் பலகையில் நேரே திருகலாம், வளையம், பட்டி ஒன்றும் வேண்டாம். 190 உள்ளகலப் பெட்டி 1.3 மீற்றருக்கு மூன்றே முக்கால் கிலோ, மூலைச் சட்டங்களோடு நாலரை. தகரத்தைவிடப் பாரம், பிவிசியைவிட இலேசு.

எட்டுக்கு நாலு அடிப் பலகையில் பாதிதான் செலவாகும். மிச்சத்தில் முனைச் சட்டங்களும் தளவாடிக்கு எதிரே ஒளி மறிக்கும் சட்டங்களும் வெட்டலாம். பலகை வெட்டுவதை மட்டும் கையால் செய்யாதீர்கள். மொறட்டுவையிலோ உங்கள் பக்கத்திலோ மேசை வாள் உள்ள தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்து, நான்கு துண்டையும் ஒரே அமைப்பில் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு துண்டு உள்ளகலத்துக்குச் சரியாக, மற்ற இரண்டு அதைவிட 12 மி.மீ. அகலமாக, அதாவது இரண்டு பலகைத் தடிப்பு கூட. இதைச் சொல்லாமல் போய் நான்கும் ஒரே அகலத்தில் வெட்டிக்கொண்டு வந்து முழித்தவன் நான். உள் மூலைகளில் முக்கால் அங்குலச் சட்டம் வைத்து, ஈரம் தாங்கும் மரப் பசை பூசி, திருகாணி பிடியுங்கள். பசை இறுகுமுன் இரண்டு வாயிலும் மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து அளங்கள். இரண்டு குறுக்கும் ஒரே அளவாக வரும்வரை தட்டிக்கொடுங்கள். ஒரு பக்கம் மூன்று மி.மீ. கூடினாலும் பெட்டி முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், கண்ணாடி வைத்தபின் அதைத் திருத்த ஏலாது.

மரைன் பிளைவுட் என்று பெயர் இருந்தாலும் பெயின்ட் வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே எண்ணிக்கைப் பூச்சு. வெளியே மட்டும் பூசினால் உட்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாகும். வெட்டு முனைகளுக்கு இரண்டு பூச்சு கூட, கறையானும் ஈரமும் அந்த வழியால்தான் வரும். உள்ளே கரும்பலகைப் பெயின்ட். அதிலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. நேரே பார்த்தால் கும்மிருட்டாக இருக்கும் பூச்சு, சாய்வாகப் பார்த்தால் மினுங்கும். பெட்டியின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறு முனையைத் தெருவிளக்குப் பக்கம் திருப்புங்கள், சுவர் முழுக்க வெளிச்சம் வழுக்கும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே அரித்த மரத்தூளைத் தூவி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு அடித்தால் அந்த வழுக்கல் போய்விடும். ஃபோக்கசருக்கு எதிர்ச் சுவரும் கண்ணாடியைச் சுற்றிய இடமும் முக்கியம், மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. கறுப்பு வெல்வெட் ஒட்டச் சொல்வார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் அதில் பூஞ்சணம் பிடிக்கும், அங்கிருந்து கண்ணாடிக்கு வர அதிக தூரமில்லை.

ஏசி அறையில் வைக்காதீர்கள். கொழும்பில் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலான இரவுகளில் 24 பாகைக்குக் கிட்ட நிற்கும். 22 பாகை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த அடுத்த நிமிடம் குழிவாடி குளியலறைக் கண்ணாடி போல மூடிக்கொள்ளும். துடைக்கப் போனால் பூச்சு கீறும், காத்திருப்பது ஒன்றே வழி. காற்றோட்டமான, ஏசி இல்லாத மூலையில் வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். இரண்டு முனைக்கும் மூடி கட்டாயம். தூசிக்காக மட்டும் இல்லை. ஒருமுறை நான் இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது தளவாடியைத் தாங்கும் காலில் குளவி ஒன்று மண் கூடு கட்டி முடித்திருந்தது, நல்ல உருண்டையான கூடு.

நீளத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. குவியத்தூரம் 1200 என்று கண்ணாடி வந்த பெட்டியில் எழுதியிருந்தாலும் அது அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், இருபது முப்பது மி.மீ. கூடக்குறைய வருவதுண்டு. சந்திரன் நன்றாக இருக்கும் இரவு, அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கதிரையில் சாய்த்து யன்னல் பக்கம் திருப்புங்கள். கையில் ஒரு ஒடுக்கமான வெள்ளைக் கடதாசித் துண்டு. அதை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் சந்திரன் ஒரு சட்டைப் பொத்தான் அளவில், 11 மி.மீ. அகலத்தில், கூராக விழும். கண்ணாடி நடுவிலிருந்து கடதாசி வரை ஒருவர் பிடிக்க இன்னொருவர் அளங்கள். சூரியனில் இதைச் செய்யாதீர்கள், கடதாசி பற்றும், கண்ணும் போகும். வந்த அளவிலிருந்து, தளவாடி நடுவிலிருந்து ஃபோக்கசரின் மேல் விளிம்பைக் கொஞ்சம் தாண்டும் வரையுள்ள தூரத்தைக் கழியுங்கள். உங்கள் அமைப்பில் அது 185 மி.மீ. அளவில் இருக்கும். கழித்து வருவதுதான் இரண்டு ஆடிகளுக்கும் இடையிலான தூரம். அதோடு கண்ணாடித் தாங்கிக்குப் பின்னால் 80, தளவாடிக்கு முன்னால் வெளிச்சம் மறிக்க 200 கூட்டினால் பெட்டியின் நீளம். கண்ணாடித் தாங்கியைப் பிடிக்கும் துளைகளை வட்டமாகப் போடாமல் 40 மி.மீ. நீளப் பிளவாகப் போட்டுவிட்டால், கணக்கு கொஞ்சம் பிழைத்தாலும் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். சந்திரன் அளந்த பிறகு பலகை வாங்கப் போங்கள், முன்னம் வேண்டாம்.